நினைவு அட்டைகளும் இடைவெளி விட்ட மீள்பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கத்தில் கேள்வியும் மறுபக்கத்தில் விடையும் எழுதிய சிறு அட்டை மிகப் பழைய கருவி. அதை எப்போது திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்பது ஒப்பளவில் புதிய அறிவு. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குபவர்களும், தொடங்கி இரண்டு மாதத்தில் கைவிட்டவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்விக்குத்தான் பலர் அதிக நேரம் செலவிடுகிறார்கள். ஆனால் இம்முறையில் தோற்றவர்களில் பெரும்பாலோரைத் தோற்கடித்தவை அவர்கள் எழுதிய அட்டைகளும், ஒரே நாளில் அவர்கள் சேர்த்த அட்டைகளின் எண்ணிக்கையுமே என்பது என் கருத்து. ஆகவே அவ்விரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

இம்முறை என்பது சரியாக என்ன?

இதில் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, விடையைப் பார்ப்பதற்கு முன் அதை நினைவிலிருந்து வெளியே இழுத்துக் கொண்டுவருவது. இரண்டாவது, அவ்வாறு இழுக்கும் முயற்சிகளுக்கிடையே நாள்களை விடுவதும், ஒவ்வொரு முறை வெற்றி பெற்ற பிறகும் அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போவதும் ஆகும். அட்டை இல்லாமலும் இவ்விரண்டையும் செய்யலாம். நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பவரும் முதல் செயலைத்தான் செய்கிறார். அட்டையின் சிறப்பு, ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியே நாள் குறிக்க அது இடந்தருகிறது என்பதே. எளிதாக நினைவில் நிற்பது மூன்று மாதம் கழித்து வந்தால் போதும், அடம்பிடிப்பது மறுநாளே வர வேண்டும். புத்தகத்தின் ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை திருப்பும்போது இவ்விரண்டுக்கும் ஒரே நேரத்தைத்தான் செலவிடுகிறோம்.

பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலே மனத்தில் நின்றுவிடுமே, எதற்காக அட்டை?

நிற்பது போலத் தோன்றும் என்பதுதான் சிக்கல். நான்காவது முறை படிக்கும் பக்கம் கண்ணுக்குப் பழகியிருக்கும். அடுத்த வரி என்னவென்று கண் அங்கே போவதற்கு முன்பே தெரியும். அந்தப் பழக்கத்தை நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். தெருவில் எதிரே வருபவரின் முகம் தெரிவதும், அவர் எதிரே இல்லாதபோது அவருடைய பெயரைச் சொல்ல முடிவதும் வெவ்வேறு திறன்கள். தேர்வறையில் கேட்கப்படுவது இரண்டாவது.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு சிறு உரைநடைப் பகுதியை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, இரண்டாவது முறைக்குரிய நேரத்தில் நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: அவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடு. ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழாயிற்று. இரண்டு முறை படித்தவர்களிடம் 42 விழுக்காடுதான் எஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடு இருந்தது. மறுபடியும் படிப்பது ஏன் இவ்வளவு பேருக்குப் பிடித்த வழியாக இருக்கிறது என்பதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. அதன் பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது; அதன் இழப்போ நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போன பிறகுதான் நடக்கிறது.

ஜான் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013-இல், மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு உத்திகளை ஒப்பிட்டு மதிப்பிட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், படிப்பைப் பல நாள்களுக்குப் பிரித்துக்கொள்வதும் மட்டுமே உயர்ந்த பயன் தருபவை என்ற தகுதியைப் பெற்றன. மறுபடி படிப்பதும் வண்ணப் பேனாவால் கோடிடுவதும் குறைந்த பயன் தருபவை என்ற பட்டியலில் இடம்பெற்றன.

இடைவெளி ஏன் வேண்டும்? மறப்பதற்கு முன்பே திருப்பிப் பார்ப்பது பாதுகாப்பானது அல்லவா?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, அம்முடிவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு வரிசையை மறுபடி மனப்பாடம் செய்ய ஆகும் நேரத்தில் முதல் முறையைவிட எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 20 நிமிடத்துக்குப் பின் சுமார் 58 விழுக்காடு மிச்சமானது. ஒரு நாளைக்குப் பின் சுமார் 34 விழுக்காடு. 31 நாளைக்குப் பின் சுமார் 21 விழுக்காடு. மறதி முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லச் சரிகிறது என்பது இதிலிருந்து தெரிய வந்தது. (இந்த எண்களைக் காட்டி, படித்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் எவரும் மறந்துவிடுவார்கள் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அவை பொருளற்ற அசைகளுக்கானவை. பொருள் விளங்கிப் படித்த பாடம் அவ்வளவு வேகமாக நழுவுவதில்லை.)

அதே நூலில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு முடிவும் உண்டு. மூன்று நாள்களுக்குப் பிரித்துச் செய்த 38 மறுவாசிப்புகள், சோதனைக்கு முந்தைய நாளில் ஒரே மூச்சில் செய்த 68 மறுவாசிப்புகளுக்கு ஈடான பலனைத் தந்தன. உழைப்பில் பாதிக்குச் சற்று மேல், பலன் அதே அளவு.

இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, நினைவுகூரும் முயற்சி ஓரளவு கடினமாக இருக்கும்போதே நினைவு வலுப்பெறுகிறது என்பதாகும். ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்த விடையைச் சொல்வதில் முயற்சி ஏதும் இல்லை. அது இன்னும் வாயிலேயே இருக்கிறது. நான்கு நாள் கழித்து, "அது என்ன..." என்று சற்றுத் தடுமாறி, பின் கண்டுபிடிக்கும்போதுதான் மனம் வேலை செய்கிறது. ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் இத்தகைய தடைகளை விரும்பத்தக்க கடினங்கள் என்று அழைத்தார். விரும்பத்தக்கவை என்றாலும், படிக்கும் நேரத்தில் அவை விரும்பத்தக்கவையாகத் தோன்றுவதில்லை. நேட் கோர்னெல் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அட்டைகளை ஒரே பெரிய கட்டாக வைத்துச் சுற்றிவந்தவர்களையும், அவற்றையே சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து அடுத்தடுத்துப் படித்தவர்களையும் ஒப்பிட்டார். பெரிய கட்டில் ஓர் அட்டை மறுபடி வர அதிக நேரமாகும், அதுவே இடைவெளி. பங்கேற்றவர்களில் 90 விழுக்காட்டினருக்கு இடைவெளி விட்ட முறையே கூடுதல் பலன் தந்தது. ஆயினும் முதல் அமர்வுக்குப் பின் கேட்டபோது, 72 விழுக்காட்டினர் நெருக்கிப் படித்ததே தங்களுக்கு உதவியதாகச் சொன்னார்கள். எனவே முதல் சில வாரங்களில் இம்முறை வேலை செய்யவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த உணர்வை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும்?

எவ்வளவு காலத்துக்கு நினைவு வேண்டும் என்பதைப் பொறுத்தது. நிக்கோலஸ் செபெடாவும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் இடையிலான நாள்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால், அந்த ஒரு வாரத்தில் 20 முதல் 40 விழுக்காடு வரையிலான இடைவெளி, அதாவது ஓரிரு நாள், சிறப்பாக இருந்தது. ஓர் ஆண்டு கழித்துத் தேர்வு என்றால் அந்த விகிதம் 5 முதல் 10 விழுக்காடாகக் குறைந்தது. ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வாரம். சரியான ஓர் எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த ஆய்விலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது, இடைவெளி தேவைக்குமேல் சற்றுக் கூடிவிட்டால் வரும் இழப்பு சிறிது, மிகக் குறைந்துவிட்டால் வரும் இழப்பு பெரிது என்பதே.

நீண்ட காலக் கற்றலுக்கு ஒரு நல்ல சான்று ஹாரி பாரிக்கும் அவருடைய குடும்பத்தினரும் சேர்ந்து நான்கு பேராகத் தங்கள் மீதே நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் 300 அயல்மொழிச் சொற்களைக் கற்றார்கள். 56 நாளுக்கு ஒரு முறையாக 13 அமர்வுகளில் படித்த சொற்கள், 14 நாளுக்கு ஒரு முறையாக 26 அமர்வுகளில் படித்த சொற்களுக்கு நிகராக, ஆண்டுகள் கழிந்த பின்னும் நினைவில் நின்றன.

நல்ல அட்டை எப்படி இருக்க வேண்டும்?

இதை மட்டும் சரியாகச் செய்தால் மற்றவை எல்லாம் சிறு பிழைகளே. ஓர் அட்டை ஒரு செய்தியை மட்டும் கேட்க வேண்டும். அதற்கு ஒரே விடை இருக்க வேண்டும். அந்த விடை சில நொடிகளில் சொல்லி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, "மனித இதயத்தின் அமைப்பையும் செயல்பாட்டையும் விளக்குக" என்று எழுதி, பின்பக்கத்தில் பாடப் புத்தகத்தின் அரைப் பக்கத்தை அப்படியே படியெடுப்பது அட்டை ஆகாது, அது நெடுவினா. அதற்கு நீங்கள் ஆறு செய்திகளைச் சரியாகச் சொல்லி இரண்டை விட்டுவிட்டால், அதைத் தெரியும் என்று குறிப்பதா, தெரியாது என்று குறிப்பதா? தெரியும் என்றால் விட்டுப்போன இரண்டும் என்றைக்கும் வராது. தெரியாது என்றால் தெரிந்த ஆறையும் நாளை மறுபடி ஒப்பிக்க வேண்டும். எதைச் செய்தாலும் நேரம் வீண். அதையே உடைத்து எழுதினால் இப்படி வரும்: "உடலிலிருந்து திரும்பும் குருதி இதயத்தின் எந்த அறைக்கு முதலில் வருகிறது?" விடை: வலது ஆரிக்கிள். "ஆக்சிஜன் குறைந்த குருதியைச் சுமக்கும் தமனி எது?" விடை: நுரையீரல் தமனி. "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடித்திருப்பது ஏன்?" விடை: அது குருதியை உடல் முழுவதற்கும் தள்ள வேண்டியிருப்பதால். மூன்றாவது அட்டையைக் கவனியுங்கள். "ஏன்" என்று கேட்கும் அட்டைகளை எழுதலாம் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். நினைவு அட்டை என்றாலே நெட்டுருதான் என்ற குற்றச்சாட்டு எழுவதற்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

வரிசைகளும் பட்டியல்களும் தனித் தொல்லை. கோள்களின் வரிசையைச் சொல் என்று ஓர் அட்டை போட்டால், நடுவில் ஒன்று விட்டுப்போவதும் அதே இடத்தில் மறுபடி விட்டுப்போவதும் வழக்கமாகிவிடும். "செவ்வாய்க்கு அடுத்து வெளிப்புறம் உள்ள கோள் எது?", "சனிக்கு உட்புறம் உள்ள கோள் எது?" என்று கண்ணி கண்ணியாகக் கேட்கும் அட்டைகளை எழுதினால், எந்தக் கண்ணி தளர்ந்திருக்கிறதோ அது மட்டும் அடிக்கடி வரும். கோடிட்ட இடத்தை நிரப்பும் வகை அட்டைகளும் இதற்கு ஏற்றவை. ஆனால் புத்தக வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒரு சொல்லை மட்டும் மறைப்பதில் ஆபத்து உண்டு. சில நாளில் அந்த வாக்கியத்தின் தோற்றத்தைக் கண்டதும் விடை வந்துவிடும். அதே செய்தியை வேறு சொற்களில் கேட்டால் வராது. வாக்கியத்தை உங்கள் சொற்களில் சுருக்கிய பிறகு மறையுங்கள்.

கேள்வியில் இரட்டைப் பொருள் இருக்கக் கூடாது. "திங்கள் என்றால் என்ன?" என்று எழுதிய அன்று, நிலவு என்ற பொருளைத்தான் கேட்டிருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து அட்டை வரும்போது, மாதமா, கிழமையா, நிலவா என்று விழிப்பீர்கள். அட்டையை எழுதுபவரும் பிற்பாடு அதைப் படிப்பவரும் இரு வேறு ஆள்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதினால் இந்தப் பிழை நேராது.

"ஆம்" அல்லது "இல்லை" என்று விடை வரும் கேள்விகளைத் தவிர்க்கவும். பூவா தலையா போட்டாலே அவற்றில் பாதி சரியாகிவிடும்.

புரியாத பாடத்தை அட்டைகளாக எழுதி மனப்பாடம் செய்தால், நாளடைவில் புரிந்துவிடுமா?

பெரும்பாலும் புரியாது. புரியாத வரியை அட்டையாக்கினால் அது எபிங்ஹாஸின் பொருளற்ற அசைகளுக்குச் சமமாகிவிடும். மறதியும் அதே வேகத்தில் வரும். முதலில் பாடத்தைப் படித்து, தேவையானால் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்து, அதன் பிறகே அட்டை எழுத உட்கார வேண்டும். ஒரு செய்திக்குக் கேள்வி அமைக்க முடியாமல் பேனா நின்றுபோனால், அந்த இடம் உங்களுக்கு விளங்கவில்லை என்று பொருள். அட்டை எழுதும் வேலை இப்படி ஒரு சோதனையாகவும் அமைகிறது. பிறர் உருவாக்கிய அட்டைக் கட்டுகளை அப்படியே இறக்கிப் படிப்பவர்கள் இழப்பது இதைத்தான். அயல்மொழிச் சொற்பட்டியல் போன்ற எளிய பொருள்களுக்குப் பிறர் கட்டுகள் பரவாயில்லை. பாடங்களுக்கு நீங்களே எழுதுவது நல்லது.

காகித அட்டையா, செயலியா?

இருநூறு, முந்நூறு அட்டைகள் வரை காகிதம் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய அறிவியல் எழுத்தாளர் 1970-களின் தொடக்கத்தில் பரப்பிய பெட்டி முறை இதற்குப் பொருத்தமானது. ஒரு பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புதிய அட்டை முதல் அறையில் சேரும். விடை சரியானால் அடுத்த அறைக்குப் போகும். தவறானால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை 2 நாளுக்கொரு முறை, மூன்றாவதை 4 நாளுக்கொரு முறை, நான்காவதை 8 நாளுக்கொரு முறை, ஐந்தாவதை 16 நாளுக்கொரு முறை எடுத்துப் பார்க்கலாம். தெரிந்த அட்டைகள் பின்னுக்கு ஒதுங்க, தெரியாதவை தாமாகவே முன்னால் வந்து நிற்கும்.

எண்ணிக்கை கூடும்போது நாள் கணக்கு வைப்பதே ஒரு வேலையாகிவிடும். அங்கேதான் செயலி உதவுகிறது. போலந்து நாட்டைச் சேர்ந்த பியோத்ர் வோஸ்னியாக் 1980-களில் சூப்பர்மெமோ என்ற மென்பொருளை உருவாக்கினார். 1987-இல் அவர் வகுத்த கணக்குமுறை எளியது: முதல் இடைவெளி 1 நாள், இரண்டாவது 6 நாள், அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 2.5-இல் தொடங்கும், அட்டை கடினமாக இருந்தால் படிப்படியாக 1.3 வரை குறையும். கடினமில்லாத ஓர் அட்டை 1, 6, 15, 38, 95 நாள் என்று தாவிச் செல்வதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட அன்கி என்ற செயலி இக்கணக்கைத் தழுவியே நெடுங்காலம் இயங்கியது. (அன்கி என்பது மனப்பாடம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்.) 2023 முதல் அதில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறையையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. இது உங்களுடைய பழைய விடைகளை ஆராய்ந்து, எந்த அட்டையை எப்போது மறக்கக்கூடும் என்று கணித்து நாள் குறிக்கிறது. இதில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, அட்டை திரும்ப வரும்போது எத்தனை விழுக்காடு நினைவிருக்க வேண்டும் என்பதை மட்டுமே. இயல்பாக அது 90 என்று இருக்கும். அதை 97-க்கு உயர்த்த ஆசை வரும். உயர்த்தினால் நாள்தோறும் வரும் அட்டைகள் பன்மடங்காகும், எனவே வேண்டாம்.

செயலியில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது?

அன்கியில் மீண்டும், கடினம், சரி, எளிது என்ற பொருள்பட நான்கு பொத்தான்கள் இருக்கும். மறந்துபோன அட்டைக்கு "மீண்டும்" என்பதை மட்டுமே அழுத்த வேண்டும். "கடினம்" என்பதற்கு, சிரமப்பட்டாலும் நினைவுக்கு வந்துவிட்டது என்றே பொருள். மறந்ததை ஒப்புக்கொள்ள மனம் வராமல் "கடினம்" அழுத்துபவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் மறந்த அட்டையை நினைவில் இருப்பதாகக் கருதிச் செயலி அதன் இடைவெளியை நீட்டிவிடும். கணக்கு முழுவதும் கெடும். குழப்பமாக இருந்தால் "மீண்டும்", "சரி" ஆகிய இரண்டை மட்டுமே பயன்படுத்தலாம், இழப்பு ஒன்றுமில்லை. இன்னொன்று: விடையை வாய்விட்டோ, எழுதியோ, குறைந்தது மனத்துக்குள் முழுச் சொற்களாகவோ சொல்லி முடித்த பிறகே அட்டையைத் திருப்புங்கள். பாதி நினைவு வந்ததும் திருப்பிவிட்டு, "ஆமாம், இதைத்தான் நினைத்தேன்" என்று சொல்லிக்கொள்வது மறுவாசிப்பே தவிர வேறில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை புதிய அட்டைகள் சேர்க்கலாம்?

நாளைக்கு எத்தனை தாங்கும் என்று பார்க்காமல், இரண்டு மாதம் கழித்து எத்தனை தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஓர் அட்டை 1, 3, 7, 16, 35 நாள் இடைவெளிகளில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அது ஐந்து முறை மீள்பார்வைக்கு வரும். நாள்தோறும் 20 புதிய அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனால், இரண்டாவது மாத முடிவில் ஒவ்வொரு நாளும் 20 புதியவற்றுடன் சுமார் 100 பழையவையும் வந்து நிற்கும். மறந்துபோய்த் திரும்பியவை தனி. அட்டைக்கு 10 நொடி என்றால் 20 நிமிடம். இது தாங்கக்கூடியதே. ஆனால் அட்டைகள் நீளமாக இருந்து ஒவ்வொன்றுக்கும் 30 நொடி ஆனால் அதே 120 அட்டைகள் ஒரு மணி நேரத்தை விழுங்கும். நல்ல அட்டை எழுதுவது பற்றி மேலே அவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தொடக்கத்தின் உற்சாகத்தில் முதல் வாரமே நானூறு அட்டைகளைச் சேர்ப்பது அனைவரும் செய்யும் தவறு; நானும் செய்திருக்கிறேன். முதல் வாரம் இனிமையாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் அந்த நானூறும் ஒன்றாகத் திரும்பி வரும். பத்தில் தொடங்குங்கள், ஒரு மாதம் பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

சில நாள் விட்டுப்போய், எழுநூறு அட்டைகள் பாக்கி விழுந்துவிட்டன. என்ன செய்வது?

புதிய அட்டைகளை முற்றிலும் நிறுத்துங்கள். நாளொன்றுக்கு நூறு என்று ஓர் அளவு வைத்து, அதை முடித்ததும் எழுந்துவிடுங்கள். நூறுக்குக் குறைவாகவே புதிதாகப் பாக்கி சேரும் வரை கடன் கரைந்துகொண்டே வரும். குறுகிய இடைவெளி உடையவற்றை முதலில் பாருங்கள். 4 நாளில் வரவேண்டியது 10 நாள் தாமதித்தால் மறந்திருக்கும், 90 நாளில் வரவேண்டியது 10 நாள் தாமதித்தால் பெரிதாக எதுவும் ஆகாது. தாமதித்தும் நினைவில் இருந்த அட்டையைப் பற்றி வருந்த வேண்டாம். நீண்ட இடைவெளியைத் தாண்டி வென்றிருப்பதால் அது முன்னைவிட உறுதியாகவே இருக்கிறது. கட்டு முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றும். அது சேமித்ததைக் கொட்டிவிடும் வேலை.

ஒரே அட்டை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் மறந்துபோகிறது, ஏன்?

அது அநேகமாக இன்னோர் அட்டையோடு முட்டிக்கொள்கிறது. மைட்டாசிஸில் எத்தனை சேய் செல்கள், மியாசிஸில் எத்தனை என்று இரண்டு தனி அட்டைகள் இருந்தால், இரண்டு விடைகளும் நினைவில் இருந்தும் எது எதற்கு என்பது மாறிப்போகும். மறுபடி மறுபடி பார்ப்பதால் இது தீராது. இரண்டையும் ஒரே கேள்வியில் நிறுத்தி, வேறுபாட்டையே கேட்கும் மூன்றாவது அட்டை ஒன்றை எழுத வேண்டும்: "இரண்டு சேய் செல்களைத் தருவது எது, நான்கைத் தருவது எது, ஏன்?" மியாசிஸில் செல் இரு முறை பிரிகிறது என்ற காரணம் அதோடு ஒட்டிக்கொண்டதும் குழப்பம் அடங்கிவிடும்.

அன்கி, எட்டு முறை மறந்த அட்டையை லீச் என்று குறித்துக்காட்டும். லீச் என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டதால், அட்டையே அட்டையாகிவிடுகிறது என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். சிரித்த பிறகு அதை உடைத்துத் திருத்தி எழுதுங்கள்; திருத்தத் தகுதியில்லாத சிறு செய்தி என்றால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

நன்கு தெரிந்த அட்டைகளைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாமா?

ஒரு முறை சரியாகச் சொன்னதுமே எடுத்துவிடுவது பெருந்தவறு. கார்பிக்கும் ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களையும் அவற்றின் பொருளையும் கற்றார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதில் தொடர்ந்து சோதிக்கப்பட்டவர்கள், ஒரு வாரத்துக்குப் பின் சுமார் 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். சரியாகச் சொன்னதும் சோதனையிலிருந்து அச்சொல் நீக்கப்பட்டவர்கள், அதைத் தொடர்ந்து படித்துவந்த போதிலும், மூன்றில் ஒரு பங்கு அளவே நினைவுகூர்ந்தார்கள். எனவே தெரிந்த அட்டை கட்டிலேயே இருக்கட்டும், அதன் இடைவெளி மட்டும் நீளட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகும் அட்டையால் யாருக்கும் பாரமில்லை.

கணிதத்துக்கும் கட்டுரைப் பாடங்களுக்கும் இது பயன்படுமா?

சூத்திரங்கள், வரையறைகள், ஒரு தேற்றம் எந்த நிபந்தனையில் செல்லும் என்பவற்றுக்கு அட்டை பயன்படும். கணக்குப் போடும் திறன் கணக்குப் போட்டால்தான் வரும். ஆனால் இடைவெளி விடும் கொள்கையை அங்கும் கையாளலாம். ஒரே வகைக் கணக்கில் இருபதை வரிசையாகப் போடாமல், பல வகைகளைக் கலந்து போடுங்கள். டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளைக் கலந்து பயின்றவர்கள், பயிற்சியின்போது பின்தங்கினாலும், ஒரு வாரத்துக்குப் பின் வந்த தேர்வில் 63 விழுக்காடு பெற்றார்கள். வகை வகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் 20 விழுக்காடே பெற்றார்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி கலந்து போடும்போது மட்டுமே கிடைக்கிறது.

கட்டுரைப் பாடங்களில் ஆண்டுகள், பெயர்கள், காரணங்கள், ஒரு வாதத்தின் படிகள் ஆகியவற்றை அட்டையாக்கலாம். அவற்றைக் கோத்து எழுதும் திறனுக்கு, எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. இப்போது தொடங்கிப் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அளவாக. மிகத் தேவையான நூறு செய்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு நாளுக்குள் அட்டையாக எழுதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு முழுவதையும் கலைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். செயலியை நிறுவி, அதன் அமைப்புகளைக் கற்றுக்கொண்டிருக்க இது நேரமன்று, காகிதமே போதும். கடைசி இரவு நெருக்கிப் படிப்பதும் மறுநாள் தேர்வுக்கு ஓரளவு கைகொடுக்கவே செய்யும். அப்படிப் படித்தது அடுத்த மாதமும் இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

தேர்வு முடிந்த பிறகு அந்த அட்டைகளை என்ன செய்வது?

அடுத்த கட்டப் படிப்புக்கோ தொழிலுக்கோ தேவைப்படுபவற்றைப் பிரித்தெடுத்துத் தொடருங்கள். அதற்குள் அவற்றின் இடைவெளிகள் மாதக் கணக்கில் நீண்டிருக்கும் என்பதால், ஐந்நூறு அட்டைகளைத் தக்கவைக்க நாளொன்றுக்கு இரண்டு மூன்று நிமிடமே ஆகும். எஞ்சியவற்றை, அந்தத் தேர்வுக்காக மட்டும் படித்தவற்றை, நீக்கிவிடலாம்.